எதற்குப் பின்?

தமிழ்நாட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மணமகனின் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'லேட்' என்று இருக்கும். அதே பத்திரிகையைக் கையில் பிடித்தபடி மண்டபத்துக்குள் ஓடிவருபவர், முகூர்த்தம் முடிந்துவிட்டதைப் பார்த்து 'பஸ் லேட்' என்பார். ஒரு சொல் ஓரிடத்தில் சாவையும் இன்னோரிடத்தில் பஸ்ஸையும் சொல்வது நமக்கு வியப்பாக இல்லை. ஒலி ஒன்று, சொல் இரண்டு என்பதுபோலப் புழங்கிப் பழகிவிட்டோம். பேச்சுக்கு அது போதும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குப் போதாது. எங்கள் மேசைக்கு வரும் பக்கங்களில் இந்தப் பெயரடை குறைந்தது ஐந்து வேடங்களில் வருகிறது: தாமதமான, பிற்பகுதியைச் சேர்ந்த, அண்மையில் நிகழ்ந்த, முன்னாள், இறந்துபோன. அகராதி இவற்றை எண் போட்டு வரிசைப்படுத்தும். எந்த எண்ணை எப்போது எடுப்பது என்று சொல்லாது. பல ஆண்டுகள் இந்த வேலையில் உட்கார்ந்த பிறகு எனக்குத் தெளிந்தது இதுதான்: ஐந்தும் ஒரே பொருளின் ஐந்து நிறுத்தங்கள். எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே, எதற்குப் பின்? அதற்கு விடை கிடைத்தால் தமிழ்ச் சொல் தானாக வந்துவிடும். விடை தேடாமல் அகராதியின் முதல் எண்ணை எடுத்தால், உயிரோடு இருப்பவரைச் சாகடிப்போம், நடந்துகொண்டிருப்பதை முடிந்ததாக்குவோம்.

இந்தச் சொல் பிறந்தபோது காலத்தோடு அதற்கு உறவு கிடையாது. பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய 'லட்' என்று ஒலித்த இதன் முன்வடிவம் மந்தமான, சோம்பலான, தளர்ந்த என்ற பொருள்களில் வழங்கியது. அது உடலையும் குணத்தையும் பற்றிய சொல். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா கோதிக் மொழிக்குப் பெயர்த்த விவிலியத்தில் இதன் உறவுச்சொல் சோம்பேறி ஊழியனுக்கு அடையாக வருகிறது. பழைய நார்ஸ் மொழியிலும் அதற்குச் சோம்பல் என்றே பொருள். களைத்த என்று பொருள்படும் லத்தீனச் சொல்லான 'லாஸ்ஸுஸ்' இதே வேரின் இன்னொரு கிளை. சோர்வைக் குறிக்கும் ஆங்கில 'லாசிட்யூட்' அந்தக் கிளையில் வந்தது. ஐயோ என்ற பொருளுடைய 'அலாஸ்' என்ற பழங்கால வியப்புச்சொல்லுக்குள்ளும் அந்தக் களைப்புதான் இருக்கிறது. வேரின் அடிப்படைக் கருத்து பிடியைத் தளர்த்துதல், விட்டுவிடுதல். அதனால்தான் அனுமதி தருதல் என்ற பொருளுடைய 'லெட்' என்னும் வினைச்சொல்லும் இந்தக் குடும்பத்தில் சேர்கிறது. வேடிக்கை என்னவென்றால், தடை என்ற நேரெதிர்ப் பொருளில் இன்னொரு 'லெட்' பழைய ஆங்கிலத்தில் இருந்தது; ஒருவனை மந்தமாக்குதல், பின்தங்க வைத்தல் என்பதிலிருந்து அது வந்தது. டென்னிஸ் ஆட்டத்தில் சர்வீஸ் பந்து வலையில் உரசி விழுந்தால் நடுவர் சொல்லும் 'லெட்' அதுவே. இந்தியப் பாஸ்போர்ட்டின் உள்ளே, இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகத்திலும் அந்தப் பழைய 'லெட்' இன்றுவரை அச்சாகிறது.

சோம்பலிலிருந்து தாமதத்துக்குச் சொல் நகர்ந்ததில் புதிர் ஏதும் இல்லை. மந்தமாக நடப்பவன் பின்தங்குவான். பின்தங்கியவன் பிந்திச் சேருவான். குணத்தின் பெயர் அதன் விளைவுக்குப் பெயராகிறது. நிமிடக் கணக்கில் நேரம் பார்க்கும் பழக்கம் இல்லாத சமூகத்தில், வரவேண்டிய பொழுதில் வராததற்கு ஆளின் உடலையோ மனத்தையோதான் காரணம் காட்ட முடியும். இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. மெதுவான என்று பொருள்படும் லத்தீன 'டார்துஸ்' பிரெஞ்சில் நேரங்கழித்து என்ற பொருளுக்கு மாறியது. ஸ்பானிஷில் இன்னும் ஒரு படி நகர்ந்து பிற்பகலுக்கே பெயராகிவிட்டது. தமிழும் இதே வழியில் போயிருக்கிறது. தாமதம் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல் வடமொழித் 'தாமஸ'த்தின் தமிழ் வடிவம். சத்துவம், இராசதம், தாமதம் என்று முக்குணங்களை எண்ணும்போது அது இருளும் மந்தமும் சோம்பலும் சேர்ந்த குணத்தின் பெயர். அந்தக் குணம் உடையவன் செய்யும் வேலை பிந்துவதால், பிந்துதலே தாமதம் ஆயிற்று. நெல்லைப் பக்கமும் ஈழத்திலும் வழங்கும் சுணக்கம் என்ற சொல்லிலும் சோர்வும் காலநீட்டிப்பும் ஒன்றாக இருக்கின்றன. திருக்குறளின் மடியின்மை அதிகாரம் காலம் நீட்டித்தலை மறதி, சோம்பல், தூக்கம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. ஆகவே முதல் நிறுத்தத்தில் மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல் இல்லை. ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே பழியைச் சுமந்து வந்தவை. தாமதக் கட்டணம், தாமத வருகை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

சிக்கல் அடுத்த நிறுத்தங்களில் தொடங்குகிறது. குறித்த நேரத்துக்குப் பின் வருவது என்ற பொருள், ஒரு காலப்பகுதியின் தொடக்கத்துக்கு வெகு பின்னால், அதன் முடிவை ஒட்டி அமைவது என்று விரிந்தது. நாளின் பிற்பகுதி, நூற்றாண்டின் பிற்பகுதி என்பவை இங்கே அடங்கும். இந்த இடத்தில் யார் மீதும் பழி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி யாருக்கும் தாமதமாக வரவில்லை. அடுத்து, அந்தக் காலப்பகுதி நாம் வாழும் காலமாகவே இருந்தால், அதன் பிற்பகுதி என்பது இப்போதைத் தொட்டு நிற்கும் பகுதி, அதாவது அண்மை. மெதுவாக என்று பழைய ஆங்கிலத்தில் பொருள்பட்ட 'லேட்லி' 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அண்மையில் என்று மாறியது இந்த வழியில்தான். இதன் ஒப்பீட்டு வடிவங்களும் இதே கதையைச் சொல்கின்றன. 'லாட்டர்' என்பது முதலில் அதிக மந்தமானது. இன்று இரண்டில் பின்னது. 'லாஸ்ட்' என்பது எல்லாவற்றிலும் மந்தமானது என்ற பழைய உயர்வு வடிவம் தேய்ந்து வந்தது, இன்று கடைசி. பழைய வடிவம் இப்படித் தனிச்சொல்லாகிப் பிரிந்துபோனதால், ஆங்கிலம் 'லேட்டஸ்ட்' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. ஓர் எழுத்தாளரின் 'லேட்டஸ்ட்' நாவல் என்றால் அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். 'லாஸ்ட்' நாவல் என்றால் பெரும்பாலும் கணக்கு முடிந்துவிட்டது. ஒரே வேரின் இரு உயர்வு வடிவங்களுக்கு நடுவே ஓர் ஆயுள் கிடக்கிறது. இரண்டையும் 'கடைசி நாவல்' என்று எழுதும் தமிழ்ப் பெயர்ப்பு, உயிரோடிருக்கும் எழுத்தாளரின் பேனாவைப் பிடுங்கிவைக்கிறது.

சாவு என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பலரும் சொல்லும் விளக்கம், இறந்தவர் இனி வரவே மாட்டார், அவ்வளவு தாமதம் என்பது. நயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. அந்தப் பொருள் தாமதத்திலிருந்து பிறக்கவில்லை, அண்மையிலிருந்து பிறந்தது. அண்மைக்காலம் வரை இருந்தார், இப்போது இல்லை என்பதே அதன் கருத்து. இதற்கு நல்ல சான்று 1689இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய உரிமைச் சட்டம். அதன் தொடக்கமே இரண்டாம் ஜேம்ஸை 'லேட்' மன்னர் என்று குறிப்பிடுகிறது. அப்போது ஜேம்ஸ் சாகவில்லை. நாட்டை விட்டு ஓடிப் பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்தார். அவர் இறந்தது 1701இல். சட்டம் சொன்னது அண்மைவரை மன்னராக இருந்தவர் என்பதை மட்டுமே. போனது பதவி, உயிர் அன்று. 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகமான முதல் நாவலிலும் டாக்டர் வாட்சன் ராணுவ மருத்துவத் துறையின் 'லேட்' அலுவலர் என்றே குறிக்கப்படுகிறார். கதையைச் சொல்பவரே அவர்தான். பதவியிலிருந்து போனவருக்கும் உலகிலிருந்து போனவருக்கும் பொதுவாக இருந்த சொல், பின்னாளில் 'முன்னாள்' என்ற வேலையை வேறு சொற்களிடம் விட்டுவிட்டுச் சாவோடு நின்றுகொண்டது. அண்மை என்ற பழைய நிறம் முற்றிலும் வெளுத்துவிடவும் இல்லை. ஷேக்ஸ்பியர் பெயருக்கு முன்னால் ஆங்கிலேயர் யாரும் இதைப் போடுவதில்லை. இறந்தவரை நேரில் அறிந்தவர்கள் இருக்கும் வரைதான் அங்கே இந்த அடைக்கு ஆயுள். தவிர, பெயருக்கு முன்னால் நின்றால்தான் அது சாவு. 'என் தந்தை லேட்' என்று பயனிலையாக வந்தால் அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆங்கிலம் மட்டும் இந்த வேலியைத் தாண்டிவிட்டது. அங்கே அந்த வாக்கியத்துக்குத் தந்தை இறந்துவிட்டார் என்றே பொருள் கொள்வார்கள்.

இப்போது கல்யாணப் பத்திரிகைக்குத் திரும்பலாம். நாம் ஆங்கிலத்திடமிருந்து இந்தச் சொல்லின் இரண்டு முனைகளை மட்டும் கடன் வாங்கினோம். தாமதம் வந்தது, சாவு வந்தது. இவற்றை இணைத்த பிற்பகுதியும் அண்மையும் முன்னாளும் கப்பல் ஏறவில்லை. கைபேசிக் கடையில் 'லேட்டஸ்ட் மாடல்' கேட்பவர் நாவில் அண்மைப் பொருள் இருக்கிறது. ஆனால் அதற்கும் 'பஸ் லேட்'டுக்கும் உறவு இருப்பதாக அவர் நினைக்க வழியில்லை. பத்திரிகையின் 'லேட்'டுக்கோ அண்மை என்ற எல்லையே கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த பாட்டனாருக்கும் அதுதான். அங்கே அது காலஞ்சென்ற, அமரர், மர்ஹூம் ஆகியவற்றின் வரிசையில் உட்காரும் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அதில் எனக்குக் குறை இல்லை. கடன் வாங்கிய சொல்லை வாங்கியவர் தம் வசதிப்படி வெட்டித் தைத்துக்கொள்வார். குறை எங்கே என்றால், தமிழில் வெட்டித் தைத்த அளவையே ஆங்கில மூலத்தின் அளவாக நினைத்துப் பெயர்ப்பதில். கம்பெனிக் காலத்து ஆவணத்தில் பெயருக்கு முன்னால் இந்த அடையோடு வரும் கலெக்டர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனவராக இருக்கலாம். 'காலஞ்சென்ற கலெக்டர்' என்று எழுதிவிட்டால், இரண்டு பக்கம் கழித்து அவர் கடிதம் எழுதும்போது வாசகர் திகைப்பார். அதே ஆவணத்தில் இந்த அடையோடு வரும் போர் அண்மையில் முடிந்த போர். தாமதமாக நடந்த போரும் அன்று, மறைந்த போரும் அன்று.

எதற்குப் பின் என்ற கேள்வியின் பயன் வரலாற்று நூல்களில்தான் நன்றாகத் தெரியும். சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' விசயாலயன் மரபு முழுவதையும் பிற்காலம் என்கிறது. அங்கே 'எதற்குப் பின்' என்று அளக்கத் தொடங்கும் புள்ளி சங்க காலம். கரிகாலனுக்குப் பின் வந்ததால் முதலாம் இராசராசனும் பிற்காலச் சோழன். கோயில் கலையை ஆராய்ந்த எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் ஆங்கிலத்தில் எழுதிய வரிசையில் அதே இராசராசன் இடைக்காலச் சோழன். பிற்காலம் 1070இல் முதலாம் குலோத்துங்கனோடுதான் தொடங்குகிறது. அங்கே புள்ளி விசயாலயன் மரபின் தொடக்கம். ஆகவே தஞ்சைப் பெரிய கோயில் ஒரு நூலில் பிற்காலத்தது, இன்னொன்றில் இடைக்காலத்தது, இரண்டும் சரி. ஆங்கிலக் கலை நூலைப் பெயர்ப்பவர் 'பிற்காலச் சோழர் பாணி' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், தமிழ் வாசகர் பெரிய கோயிலையும் அதில் சேர்த்துக்கொள்வார். கலைப் பாணிக்கு நேர்வது கடிகாரத்துக்கும் நேர்கிறது. ஆங்கிலத்தில் இரவு 11 மணிக்கே 'லேட்' என்பார்கள். புள்ளி படுக்கப்போகும் நேரம். தமிழில் பின்னிரவு என்பது நடுச்சாமத்துக்குப் பின். புள்ளி இரவின் மையம். இரவு 11 மணிக்கு வந்த தொலைபேசி அழைப்பைப் 'பின்னிரவு அழைப்பு' என்று பெயர்த்தால் கதையில் நேரம் காணாமல் போகும். 'இரவு வெகுநேரமான பிறகு' என்பதே அங்கே சரி.

இதைவிடப் பெரிய இடறல் சிந்தனை நூல்களில் இருக்கிறது. எர்னஸ்ட் மண்டேலின் முதலாளியம் பற்றிய புகழ்பெற்ற நூல் 1972இல் ஜெர்மன் மொழியிலும் 1975இல் ஆங்கிலத்திலும் வந்தது. தலைப்பில் இந்த அடை உண்டு. ஃப்ரெட்ரிக் ஜேம்சன் 1991இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலோ, நவீனத்துவத்துக்குப் பிந்தியதைக் குறிக்கும் 'போஸ்ட்' என்ற முன்னொட்டும், முதலாளியத்துக்கு அடையாக 'லேட்'டும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் வேறு. 'போஸ்ட்' எல்லையைத் தாண்டி வெளியே நிற்கிறது. 'லேட்' எல்லைக்குள்ளேயே, அதன் கடைக்கோடியில் நிற்கிறது. தமிழில் முன்னதைப் பின்நவீனத்துவம் என்று நிலைநாட்டிவிட்டோம். பின்னதைப் 'பிந்தைய முதலாளியம்' என்று எழுதினால், முதலாளியம் முடிந்து அதற்குப் பின் வந்த ஏதோ ஒன்று என்று வாசகர் எடுத்துக்கொள்வார். மண்டேல் சொல்ல வந்ததற்கு இது நேரெதிர். அவர் பேசியது முடியாத முதலாளியத்தைப் பற்றி. எட்வர்ட் சயீத் 2003இல் இறந்தார். கலைஞர்களின் வாழ்நாள் இறுதிப் படைப்புகளைப் பற்றிய அவருடைய நூல் 2006இல் வந்தது. அதன் தலைப்பில் வரும் 'லேட்' நடை என்பது செத்துப்போன நடையும் அன்று, தாமதமாக வாய்த்த நடையும் அன்று. ஆங்கிலத்தில் 'லேட் பீத்தோவன்' என்று வெறுமனே வந்தால் அவருடைய கடைசிக்கால இசை. முன்னால் 'த' என்ற சுட்டிடைச்சொல் சேர்ந்தால் இறந்துபோன பீத்தோவன். ஓரெழுத்து அளவுள்ள அந்தச் சுட்டு தமிழில் இல்லை. அதன் வேலையையும் பெயரடையே செய்ய வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. ஒரு சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்காது. சோம்பல் என்ற வேரை அறிந்து என்ன ஆகப்போகிறது என்பது முதலாவது. அந்தக் கொள்கையை நானும் ஏற்கிறேன். நீடித்தல் என்ற பொருளில் வரும் 'லாஸ்ட்' என்ற வினைச்சொல் ஒலியில் ஒன்றாக இருந்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது அடிச்சுவட்டைத் தொடர்தல் என்ற வேறு வேரிலிருந்து வந்தது. ஒலியை நம்பி உறவு கொண்டாடுவது ஆபத்து. ஆனால் நான் பிறப்பை வைத்துப் பொருளைத் தீர்மானிக்கச் சொல்லவில்லை. பொருள்கள் எந்த மூட்டில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று பார்க்கவே வரலாறு. 1689ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாவு இல்லை என்பதை இன்றைய பழக்கம் காட்டாது, வரலாறுதான் காட்டும். சூழலே பொருளைச் சொல்லிவிடாதா என்பது இரண்டாவது கேள்வி. பஸ்ஸுக்கும் கட்டணத்துக்கும் சொல்லிவிடும். முதலாளியத்துக்கும் சோழர் பாணிக்கும் சொல்லாது. அந்த நூல்களைப் படிப்பவர் சூழலை அறிந்துகொள்ளவே படிக்கிறார். அப்படியானால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல்லை உருவாக்கினால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தின் குழப்பத்தை அப்படியே இறக்குமதி செய்வதில் தமிழுக்கு லாபம் இல்லை. ஐந்து நிறுத்தங்களுக்கும் தனித்தனிச் சொல் நம்மிடம் இருக்கும்போது அவற்றை ஒன்றாக்குவது செல்வத்தைக் குறைத்துக்கொள்வது.

காலப்பகுதியின் உள்ளே, அதன் முடிவை ஒட்டி என்ற நிறுத்தத்துக்குத் தமிழில் பழைய ஏற்பாடே உண்டு. தொல்காப்பிய மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கும்போது, பனிக்காலத்தை முன்பனி, பின்பனி என்றும், வேனிலை இளவேனில், முதுவேனில் என்றும் வகுக்கிறது. ஒன்று முன்பின் என்ற இட உருவகம், மற்றது இளமை முதுமை என்ற வயது உருவகம். பின்பனியின் 'பின்' பனிக்காலத்துக்கு உள்ளே இருந்தது. பின்நவீனத்துவம் வந்த பிறகு அதே ஒட்டு எல்லைக்கு வெளியே போய்விட்டது. 'முது'வுக்கு அந்தத் தள்ளாட்டம் இல்லை. முதுவேனில் வேனிலுக்குப் பின் வருவதாக யாரும் எண்ண மாட்டார்கள். வேனிலே முற்றிய நிலை அது. ஆகவே ஜேம்சனுக்கும் மண்டேலுக்கும் 'முதிர் முதலாளியம்', சயீதுக்கு 'முதுகால நடை' என்பவை என் தேர்வு. முதிர்ச்சி என்றால் பாராட்டு தொனிக்குமே என்று கேட்கலாம். முதுவேனிலில் பாராட்டு இல்லை, கடும் வெயில்தான் இருக்கிறது. தவிர, ஆங்கிலச் சொல்லும் நடுநிலையானதன்று. 'லேட்' என்ற அடையோடு வழங்கும் ரோமப் பேரரசின் கடைக்காலத்தைத் தளர்ச்சியின் காலமாகவே பார்க்கும் பழக்கம் வெகுநாள் இருந்தது. 1971இல் பீட்டர் பிரவுன் கி.பி. 150 முதல் 750 வரையிலான உலகைப் பற்றி எழுதிய நூல் அதை மாற்றத்தின் காலமாக, தனக்கென உயிருள்ள காலமாகப் பார்க்கப் பழக்கியது. தளர்ச்சியா முதிர்ச்சியா என்ற வழக்கு அந்தச் சொல்லின் வேரிலேயே இருப்பது. அதை மறைக்காத தமிழ்ச் சொல்லே நல்ல சொல்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இதைப் பெரிய கோட்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பழக்கமாக வைத்துக்கொண்டால் போதும். இந்தச் சொல் வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எதற்குப் பின் என்று ஓரத்தில் எழுதுங்கள். குறித்த நேரத்துக்குப் பின் என்றால் தாமதம். தொடக்கத்துக்கு வெகு பின், ஆனால் உள்ளேயே என்றால் பிற்பகுதி அல்லது முது. இப்போதை ஒட்டி என்றால் அண்மை. பதவி போன பின் என்றால் முன்னாள். உயிர் போன பின் என்றால் மட்டும் காலஞ்சென்ற. அதையும் எழுதுவதற்கு முன்னால், அந்த மனிதர் இறந்த ஆண்டை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.